பல்லாவரத்துக்குப் பல்லோட போன கதை

இன்னிக்குப் பகல்ல எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணுதான். பல்லாவரத்துல நண்பர் சுந்தரம் வீட்டுக் கல்யாணம். போகணும், சாப்பிடணும், சேலையூருக்குத் திரும்பணும்.

கூடவே என் புது பல் செட்டும் வந்துச்சு. மேல் வரிசை முழுக்க. கட்டும்போதே டாக்டரம்மாகிட்ட சொல்லி வச்சேன். "மேடம், முன்பல்லு ஒண்ணை லேசா கோணலா வைங்க. என் சொந்தப் பல்லு அப்படித்தான் இருந்துச்சு. வரிசையா இருந்தா டூப்ளிகேட்னு ஊருக்கே தெரிஞ்சிடும்."

வச்சுக் கொடுத்தாங்க. கூடவே ஒரு வார்த்தையும் சொன்னாங்க. "கொஞ்ச நாளைக்கு வேற யாரோ பல்லை மாட்டின மாதிரிதான் சார் இருக்கும். பயப்படாதீங்க, பழகிடும்."

இதை நம்பினேன் பாருங்க, அங்கதான் சனி பிடிச்சது.

கிளம்பும்போது என் வீட்டுக்காரம்மா கலா வாசல்ல நிறுத்தினா. "ஏங்க, சாயந்தரம் பிரியாவைப் பொண்ணு பார்க்க வர்றாங்க. ஞாபகம் இருக்குல்ல?"

எப்படி மறக்கும்? இடத்தைச் சொன்னதே சுந்தரம்தான். பையன் வீட்டுக்காரங்க அவனுக்குச் சொந்தம், காட்டாங்குளத்தூர்ல இருக்காங்க. கல்யாணத்துக்கு வந்த கையோட எங்க வீட்டுக்கும் வர்றதா ஏற்பாடு. என் பொண்ணும் அந்தப் பையனும் ஃபோன்ல பேசி, ரெண்டு பேருக்கும் பிடிச்சுப்போச்சு. பெரியவங்க தலையாட்டினா முடிஞ்சது.

"மண்டபத்துல அவங்களைத் தேடிப் போய்ப் பேசிடாதீங்க. நல்ல நேரம் சாயந்தரம்தான். பையனோட அப்பா ரொம்பக் கறாராம். உம்முனு இருக்கிறவங்களைக் கண்டாலே ஆகாதாம். நல்லா சிரிச்சுப் பேசுங்க. அதுக்குத்தானே பல்லு கட்டினது?"

சரின்னு பஸ் ஏறிட்டேன்.

பந்தியில முதல் ரவுண்டு சாம்பார் வரைக்கும் நான் ராஜா. அடுத்து வத்தக்குழம்பு வந்துச்சு. ஒரு சுண்டைக்காய் விதை செட்டுக்கும் மேலண்ணத்துக்கும் நடுவுல போய் உட்கார்ந்துச்சு. உயிர் போற வலி.

யாரும் பார்க்காதபடி அந்தப் பக்கம் திரும்பி, இடது கையால செட்டைக் கழட்டி, டிஷ்யூல சுத்தி இலை ஓரமா வச்சேன். பக்கத்து இலைக்காரரும் அப்ப எனக்கு முதுகைக் காட்டிட்டு ஏதோ செஞ்சுகிட்டிருந்தார். கிளிப்பச்சைச் சட்டை. அதைத் தவிர நான் எதையும் கவனிக்கலை. நம்ம மானமே இலை ஓரத்துல இருக்கு.

மிச்சத்தைப் பல்லில்லாமலே முழுங்கிட்டு, பழக்கதோஷத்துல இலையை மூடிட்டு எழுந்துட்டேன். கை கழுவி வாய் கொப்பளிக்கும்போதுதான் வாய் காலின்னு உறைச்சது.

ஓடினேன். பந்தியைச் சுத்தம் பண்றவர் மேஜைப் பேப்பரை இலையோட சேர்த்துச் சுருட்டிகிட்டு வந்தார்.

"அண்ணா, கொஞ்சம் நில்லுங்க."

"இன்னா சார், மோதிரமா?"

"பல்லு."

அவர் என் வாயைப் பார்த்தார். "செருப்பைத் தொலைச்சவன், செல்லைத் தொலைச்சவன் எல்லாம் பார்த்துகீறேன் சார். பல்லைத் தொலைச்சுட்டு வர்றது நீதான் ஃபர்ஸ்ட்டு."

பாவம், நல்ல மனுஷன். சுருட்டினதைப் பிரிச்சார். உள்ளே டிஷ்யூ உருண்டை, அதுக்குள்ள பல் செட். கும்பிடு போட்டு வாங்கி, குழாய்ல நல்லா கழுவி மாட்டினேன். என்னமோ இடிச்சது. டாக்டரம்மா சொன்னதை நினைச்சுகிட்டேன். பழகிடும்.

வீட்டுக்கு வந்ததும் கலா உத்துப் பார்த்தா. "என்னங்க, காலையில விட இப்ப பல்லு பெருசா இருக்கு?"

"ஹழஹணும்," அப்படின்னேன். பழகணும்னு சொன்னதா அர்த்தம்.

சாயந்தரம் அவங்க வந்தாங்க. பையன், அவன் அம்மா, அப்பா. அப்பா கிளிப்பச்சைச் சட்டை. எங்கேயோ பார்த்த மாதிரி இருந்துச்சு. ஆனா என் கவலையெல்லாம் வாய் மேல.

அவர் பேசவே இல்லை. நானும் பேசலை. பேசினா செட்டு கீழே வந்துடும். அவர் ஜன்னலைப் பார்த்தார், நான் ஃபேனைப் பார்த்தேன். பையனோட அம்மா கையைப் பிசைஞ்சாங்க. பிரியா முகம் சுண்டிப்போச்சு.

கலா என்னைக் கிச்சனுக்கு இழுத்தா. "அவருக்கு நம்மளைப் பிடிக்கலை போல. நீங்களாவது சிரிச்சுத் தொலைங்களேன்."

போய் உட்கார்ந்து, பல்லைக் கடிச்சுகிட்டு, அதாவது பிடிச்சுகிட்டு, சிரிச்சேன். மரியாதைக்கு அவரும் சிரிச்சார்.

கலா பூரிச்சுப்போய்ச் சொன்னா, "அட, சம்பந்தி சிரிச்சா அப்படியே உங்களை மாதிரியே இருக்குங்க."

இருக்காதா பின்னே? முன்பல்லு ஒண்ணு லேசா கோணல்.

அவரும் என் வாயையே பார்த்துகிட்டிருந்தார். நான் அவர் சட்டையைப் பார்த்தேன். ரெண்டு பேருக்கும் ஒரே நேரத்துல வெளிச்சம் வந்துச்சு.

"ஹார், கை கழுவ வர்ஹீங்களா?" அப்படின்னேன்.

"வழ்ழேன்," அப்படின்னு துள்ளி எழுந்தார்.

வாஷ்பேசின் இருக்கிற பாத்ரூமுக்குள்ள போய்க் கதவைச் சாத்தினோம். ஆளுக்கொரு கிண்ணம், பிரஷ், சோப்பு. நல்லா தேய்ச்சுக் கழுவி, அவங்கவங்க சொத்தை அவங்கவங்க வாங்கிக்கிட்டோம். டக்குனு உட்கார்ந்துச்சு. மனுஷன் ஹோன்னு சிரிச்சார்.

"உங்க டாக்டரும் வேற யாரோ பல்லு மாதிரி இருக்கும்னுதான் சொன்னாங்களா சார்?" அப்படின்னு கேட்டார்.

"அதே வார்த்தை சார்."

வெளியே வந்த மனுஷனை நிறுத்த முடியலை. ரெண்டு தட்டு பஜ்ஜி, மூணு ஊர்க்கதை. கடைசியில, "பொண்ணை எங்களுக்குப் பிடிச்சிருக்கு"ன்னு அவரே வாய்விட்டுச் சொல்லிட்டார். பிரியா சிரிச்சா. எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு.

பையனோட அம்மாவுக்கு மட்டும் சந்தேகம். "ரெண்டு பேரும் உள்ள போய் அப்படி என்ன பேசினீங்க?"

"பெருசா ஒண்ணுமில்லம்மா," அப்படின்னேன். "கொடுக்கல் வாங்கல்தான். கையோட முடிச்சுட்டோம்."

தை பிறந்ததும் நிச்சயதார்த்தம். தட்டு மாத்துறதுக்கு முன்னாடியே பல்லை மாத்திகிட்ட சம்பந்திங்க, இந்தத் தாம்பரம் வட்டாரத்துல நாங்க ரெண்டு பேராத்தான் இருப்போம்.