ஊரில் யாருக்குப் பயப்படுவீர்கள்?

ராஜபாளையம்,
ஞாயிற்றுக்கிழமை.

மரியாதைக்குரிய மாப்பிள்ளை ஹரிகிருஷ்ணன் அவர்களுக்கு,

மாமனார் சௌந்தரபாண்டியன் எழுதுவது. இங்கே மாடி வீடு நலம், கட்டில் நலம், கதவுத் தாழ்ப்பாள் நலம், நானும் உங்கள் அத்தை கருத்தம்மாவும் நலம். நீங்கள் போனில் விசாரிக்கும் வரிசையிலேயே எழுதியிருக்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஹைதராபாத்தில் நீங்களும் எங்கள் மகள் அனுசியாவும் சுகமாக இருக்க ஆண்டாள் துணையிருப்பாள். போனில் பேச வந்தால் 'மீட்டிங், மாமா' என்று வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தைப் பாதியில் வைக்க முடியாதல்லவா, அதனால்தான் எழுதுகிறேன்.

மாடியை நாள் வாடகைக்கு விட்டதிலிருந்து நடந்த சேதாரத்தைப் பார்த்து, இன்னும் ஒரு பொருள் உடைந்தால் சாவியை, வாடகை வீடுகளைப் பராமரிக்கிற மதுரைக் கம்பெனியிடம் ஒப்படைத்துவிடுவதாக ஆடி மாதம் சொன்னீர்கள். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. மாடி உங்கள் பணத்தில் எழும்பியதுதான், மறுக்கவில்லை. ஆனால் லாக்கப் சாவியையே இடுப்பில் வைத்திருந்து போலீஸில் எஸ்.எஸ்.ஐ.யாக ரிட்டயர் ஆனவன் நான். டை கட்டின பையன் ஒருவன் வந்து என் வீட்டு மாடிச் சாவியை என்னிடமே வாங்கிப் போனால் பஜாரில் எப்படித் தலை காட்டுவேன்?

சேதாரமும் கொஞ்சநஞ்சமில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஐயனார் கோயில் ஆற்றுக்குக் குளிக்க வந்த கோயம்புத்தூர்க் குடும்பம் உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்துக்கொண்டு உங்கள் வெள்ளை விரிப்பில் செத்த நேரம் படுத்து எழுந்ததில், பிணம் கிடந்த இடத்தில் நாங்கள் சாக்பீஸால் கோடு போடுவோமே, அந்த மாதிரி குடும்பம் மொத்தமும் விரிப்பில் பதிந்து கிடந்தது. கெட்டிலில் வெந்நீர் மட்டும் வையுங்கள் என்றால் ஒருவர் முட்டை அவித்தார், அடுத்து வந்தவர் அதிலேயே ரசம் வைத்தார், அதற்கும் அடுத்தவர் டீ போட்டுக் குடித்துவிட்டு டீ புளிக்கிறது என்று நமக்கு ஸ்டாரைக் குறைத்தார். ஸ்ரீவில்லிபுத்தூர்க் கல்யாணத்துக்கு வந்த பெண்கள் மருதாணி காய்ந்துவிட்டதா என்று சுவரில் கை வைத்துப் பார்த்தார்கள், காயவில்லை. சப்பட்டை மாம்பழம் தின்றவர்கள் கை துடைக்கத் திரைச்சீலையைத் தவிர வேறு எதையும் தேடவில்லை.

நீங்களும் சும்மா இருக்கவில்லை. ஆங்கிலத்தில் விதிமுறை அச்சடித்து மாட்டச் சொன்னீர்கள், கரண்டு போனபோது அதைக் கழற்றி விசிறிக்கொண்டார்கள். வாசலில் கேமரா வைத்தீர்கள், அதற்கு டாட்டா காட்டிவிட்டு டி.வி. ரிமோட்டோடு போனார்கள். சத்தம் கூடினால் உங்கள் போனில் அடிக்கிற கருவி அனுப்பினீர்கள், அது மாரியம்மன் கோயில் ஒலிபெருக்கிக்கு அடித்தது, அத்தை தும்மியதற்கு அடித்தது, கட்டில் சட்டம் முறிந்த அன்று மட்டும் அடிக்கவில்லை. முன்பணம் வாங்கியதோ வினையாகவே போயிற்று, அதான் அட்வான்ஸ் குடுத்திருக்கோம்ல என்று உரிமையோடு உடைத்தார்கள்.

விடிவு வந்தது பெங்களூரிலிருந்து வந்த நாலு பையன்களால். வந்த சாயங்காலமே பாட்டை அலறவிட்டுக் கட்டில் மேல் ஏறி ஆடினார்கள். மேலே போய்ச் சொல்லிப் பார்த்தேன், முறைத்தேன், மீசையைக்கூட முறுக்கினேன். அவர்களில் மூத்தவன், பாண்டிதுரை என்று பெயர், 'கூல் அங்கிள்' என்று என் தோளைத் தட்டினான். என் தோளை, மாப்பிள்ளை! அந்த நேரம் பார்த்து அவன் போன் அடித்தது. பெயரைப் பார்த்ததும் பாட்டை நிறுத்தினான், கட்டிலை விட்டுக் குதித்தான், கைலியை இறக்கிவிட்டுக்கொண்டு, 'இல்ல அத்தை, கோயில்லதான் நிக்கேன் அத்தை' என்று முதுகை வளைத்துப் பேசினான். ஐ.ஜி. வந்தபோதுகூட எங்கள் ஸ்டேஷனில் அந்த மரியாதையை நான் பார்த்ததில்லை. போனை வாங்கிவிட்டேன். பேசியது கான்சாபுரம் மாரிச்செல்வி, தாயில்லாப் பிள்ளையான அவனை எடுத்து வளர்த்த அத்தை. உங்கள் மருமகன் எங்கள் கட்டிலில் நின்று ஆடுகிறான் என்று புகார் சொன்னேன். அந்தம்மா உடனே வீடியோவைப் போடச் சொன்னார்.

"ஏலே, அந்தக் கட்டில் காலு ஏன் சாஞ்சி நிக்கு?"

"அது பழசு அத்தை."

"இன்னைக்கு வந்த ஒனக்கு அது பழசுன்னு எப்படிலே தெரியும்?"

அதற்குப் பிறகு நடந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பெருக்கினார்கள், துடைத்தார்கள், ஆசாரியைத் தேடிப் பிடித்துக் கூட்டிவந்து கட்டில் காலை நிமிர்த்தினார்கள், எங்கள் கீழ் வாசலையும் கழுவிவிட்டார்கள். போகும்போது பாண்டிதுரை 'அங்கிள்' என்பதை விட்டுவிட்டு, "அத்தைட்ட நல்லபடியா ஒரு வார்த்தை சொல்லிருங்க மாமா" என்று கும்பிட்டான்.

எனக்குப் பொறி தட்டிவிட்டது. அன்றிலிருந்து யார் வந்தாலும் சாவி கொடுக்கும் முன்னால் ஒரே ஒரு கேள்விதான் கேட்கிறேன்: 'ஊர்ல யாருக்குப் பயப்படுவீங்க?' சாதி கேட்பதில்லை, சம்பளம் கேட்பதில்லை. அந்த ஆளுடைய நம்பரை வாங்கி, அவர்கள் கண் முன்னாலேயே போன் போட்டு, உங்கள் பிள்ளை பத்திரமாக வந்து சேர்ந்துவிட்டான் என்று மட்டும் சொல்வேன். அது போதும். சென்னையிலிருந்து வந்த பெரிய அதிகாரி, தலையில் முடி இல்லை, கூட டிரைவர் வேறு, ரொம்ப நேரம் யோசித்துவிட்டுக் குரலைத் தாழ்த்தி, சிவகாசியில் அவருக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த பியூலா டீச்சர் நம்பரைத் தந்தார். போகிற அன்று விரிப்பையெல்லாம் அவரே மடித்து வைத்திருந்தார், மூலைக்கு மூலை சரியாக இருந்தது. புதுமாப்பிள்ளை ஒருவர் பதில் சொல்லாமல் பக்கத்தில் நின்ற பெண்ணைப் பார்த்தார், அவருக்கு நம்பர் தேவைப்படவில்லை. ஆண்டாளைச் சேவிக்க வந்த சூரத்துத் தம்பதி, கணவனுடைய அம்மா நம்பரைத் தந்தார்கள். உங்கள் அத்தை தமிழில் பேச, அந்தம்மா குஜராத்தியில் பேச, இரண்டு பேரும் மருமக்களைப் பற்றித்தான் பேசினார்கள் என்பது எனக்கே விளங்கியது. அனுசியாவிடம் இதைச் சொல்ல வேண்டாம்.

பலன் என்ன தெரியுமா மாப்பிள்ளை? ஆவணியிலிருந்து இன்றுவரை ஒரு டம்ளர்கூட நெளியவில்லை. கரண்டி எண்ணிப் பார்த்தால் ஒன்று கூடுதலாக இருக்கிறது. கம்பெனிக்காரன் காப்பீடு, கருவி, கத்தரிக்காய் என்று எதை வேண்டுமானாலும் காட்டட்டும். யாருக்கும் பயப்படாத மனிதர் இந்த உலகத்தில் பிறக்கவில்லை, அதைக் கண்டுபிடிக்க ஒரு போலீஸ்காரன் தேவைப்பட்டிருக்கிறான். சிக்கலான ஆட்கள் வந்தால் மாரிச்செல்வியிடமே போனில் யோசனை கேட்டுக்கொள்கிறேன். அந்தம்மாவும் என்னை வாய் நிறைய அண்ணே என்றுதான் கூப்பிடுகிறார். ஆகவே மதுரைக் கம்பெனிக்கு நன்றி சொல்லி அனுப்பிவிடுங்கள். சாவி என் இடுப்பிலேயே இருக்கட்டும். எனக்கு நெஞ்சு நிறைந்து கிடக்கிறது.

நீங்கள் தொட்டதெல்லாம் துலங்கட்டும், உடையாமல் துலங்கட்டும். அனுசியாவை வேளாவேளைக்குச் சாப்பிடச் சொல்லவும். அத்தை பால்கோவா தனியே அனுப்புகிறாள்.

இப்படிக்கு,
வெற்றி பெற்ற மாமனார்,
சௌந்தரபாண்டியன்

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போகும்போது வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. என்னை அண்ணே என்று கூப்பிடும் மாரிச்செல்வியேதான், குடும்பத்தோடு. பேரப்பிள்ளைக்கு ஐயனார் கோயிலில் காதுகுத்தாம். அண்ணன் வீடு இருக்கும்போது எதுக்கு மண்டபம் என்று நேரே மாடி ஏறிவிட்டார். அண்ணன் என்ற பிறகு வாடகையை எந்த வாயால் கேட்பது? இதை எழுதும்போது மொட்டை மாடியில் விறகு அடுப்பு எரிகிறது, நீங்கள் வெயில் தாங்கப் பதித்த வெள்ளை ஓடுகள் பொரி மாதிரி வெடிக்கின்றன. கிடாயைக் கட்டிலில் கட்டியிருக்கிறார்கள், அது மெத்தையைத் தின்றுகொண்டிருக்கிறது. கூட வந்த பாண்டிதுரையைத் தனியே கூப்பிட்டு, உன் அத்தை யாருக்குப்பா பயப்படும் என்று கேட்டேன். "அவிய யாருக்கும் பயப்பட மாட்டாவ மாமா" என்றான். புருஷனுக்காவது பயப்படுவாரா என்று பார்த்தால், அந்த மனுஷன் கீழே எங்கள் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டு, அவள் கிளம்புகிற வரைக்கும் இங்கேயே இருந்துகொள்ளட்டுமா என்று கேட்கிறார். மாப்பிள்ளை, அந்த மதுரைக் கம்பெனியை உடனே வரச் சொல்லவும். சாவி மாரிச்செல்வி இடுப்பில் இருக்கிறது. கம்பெனிக்காரர்கள்தான் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.