கூடை ஓரத்துச் சிவப்பு நூல்

"கூடை பக்கத்துல ஒரு சிவப்பு நூல் வச்சேனே, பாத்தியாம்மா?" என்று மாமியார் கேட்டதும், மருமகளின் கையிலிருந்த கத்தரிக்கோல் நழுவிக் கீழே விழுந்தது.

"எந்த நூல் அத்தை?"

"உன் புருஷன் கைக்குழந்தையா இருந்தப்ப நான் பின்னின ஸ்வெட்டரைப் பிரிச்ச நூல். சிக்கலா கெடந்துச்சே! பேத்திக்குக் குல்லா பின்னணும். அது நூல் இல்லம்மா, என் உயிரு. சாயங்காலம் தேடி எடுத்து வை."

அந்த வீட்டில் மாமியாருக்கும் மருமகளுக்கும் ஆளுக்கொரு ராட்டை. கூடையில் சேரும் மிச்ச நூலையெல்லாம் விரல்கணு அளவுக்கு நறுக்கி, புதுக் கம்பளியோடு சேர்த்துச் சீவி நூற்பார்கள். புள்ளி புள்ளியாக அழகாக வரும். மாமியாரின் உயிர் அரைமணி நேரத்துக்கு முன்புதான் பொடிப்பொடியாகி, வெள்ளைக் கம்பளிக்குள் போயிருந்தது.

புருவம் திருத்தும் இடுக்கியால் ஒவ்வொரு துண்டாகப் பொறுக்கிப் பார்த்தாள். ஒரு பிடி சேர்வதற்குள் கழுத்து பிடித்துக்கொண்டது. கம்பளியும் பிய்ந்து நாராகியது.

"சுடுதண்ணில போட்டு அலசு, தானா பிரிஞ்சு வந்துடும்," என்றான் கணவன், பிறந்ததிலிருந்தே கம்பளி அலசியவன் மாதிரி.

அவளும் நம்பிப் போட்டாள். சாயம் இறங்கி வாளித் தண்ணீர் முழுக்கச் சிவந்தது. கம்பளி இறுகிச் சுருண்டு, கால்மிதி போல வெளியே வந்தது.

"அம்மா கேட்டா நான் ஆபீஸ்ல இருந்தேன்னு சொல்லிடு," என்று அவன் செருப்பைத் தேடினான். அன்று ஞாயிற்றுக்கிழமை.

பொறுக்கி வைத்ததில் ஒரு துண்டை எடுத்துக்கொண்டு மருமகள் நூல்கடைக்கு ஓடினாள். மூச்சு வாங்கியது, அழுகையும் வந்தது.

"அண்ணே, இதே சிவப்பு வேணும். நானே சிக்காக்கிக்கறேன். புதுசுன்னு மட்டும் தெரியவே கூடாது. மாமியாருக்குத் தெரிஞ்சா நான் தொலைஞ்சேன்!"

கடைக்காரர் துண்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அவளையும் ஏற இறங்கப் பார்த்தார். பிறகு அலமாரியிலிருந்து ஓர் உருண்டையை எடுத்து வைத்தார்.

"இதானேம்மா? போன வாரம் உங்க மாமியாரும் இதைத்தான் வாங்கிட்டுப் போனாங்க. பிரிச்சு வச்ச ஸ்வெட்டர் நூலை மிச்ச நூல்னு நெனச்சு நறுக்கிட்டாங்களாம், 'மருமகளுக்கு மட்டும் தெரியக் கூடாது'ன்னு இதே எடத்துல நின்னு அழுதாங்க."