காலிக்குட ஊர்வலம்

கிறிஸ்தவ உலகம் கத்தோலிக்கர், புராட்டஸ்டண்ட் என்று பிரிந்து எத்தனையோ நூற்றாண்டு ஆயிற்று. திருவனந்தபுரத்தில் அதை ஒட்டவைக்கத் துணிந்தவர் ஒரே ஒருவர்தான், அதுவும் காலிக்குடத்தை வைத்து. அவர் எங்கள் பெயிண்ட் அண்ணாச்சி.

சாலைக் கடைத்தெருவில் பெயிண்ட் கடை. பரம்பரைப் புராட்டஸ்டண்ட். ஆனால் கத்தோலிக்கர்களின் பிரதட்சிண ஊர்வலம் தெருவில் வந்தால் கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஓடுவார். அவர்கள் தூக்கிவரும் புனிதர் சுரூபத்தைப் பார்க்க அல்ல, ரோட்டைப் பார்க்க. அதற்கு முந்தின நாளே கார்ப்பரேஷன் குழியெல்லாம் மூடியிருக்கும், தெருவிளக்கும் எரிய ஆரம்பித்திருக்கும்.

அந்தக் கோடையில் எங்கள் தெருக் குழாயில் மூன்று வாரமாகச் சொட்டுத் தண்ணீர் இல்லை. நாங்கள் ஆலயக் கதவைச் சாத்திக்கொண்டு உருக்கமாக ஜெபித்தோம். சபைக் கமிட்டியில் அண்ணாச்சி எழுந்தார்.

"அவங்க சாமிய ரோட்டுக்குக் கொண்டு வாறாங்க, ரோடு நன்னாவுது. நாம குழாய்க்குக் கதவச் சாத்திட்டு ஜெபிக்கோம். கர்த்தருக்குக் கேக்கும், ஆபீசருக்குக் கேக்குமா?"

ஊர்வலம் நம் வழக்கமில்லை, தூக்கிப்போக நம்மிடம் சுரூபமும் இல்லை என்று செயலாளர் என்ற முறையில் நான் மறுத்தேன்.

"கொடம் இருக்குல்லா" என்றார்.

திங்கள் காலை, கத்தோலிக்கப் பங்குத்தந்தையிடம் இரவல் வாங்கிய முத்துக்குடைகளோடும் ஒரு செண்டை மேளக்காரரோடும் வந்து நின்றார். காலிக்குடங்களோடு தண்ணீர் ஆபீசுக்குப் புறப்பட்டோம். கஷ்டம் என்னவென்றால், நாங்கள் எழுந்து நின்று பாடியே பழகியவர்கள். பாட்டு ஆரம்பித்ததும் மொத்த ஊர்வலமும் நின்றுவிட்டது. பின்னால் பஸ்கள் அலறின. அண்ணாச்சி செண்டைக்காரரை முடுக்கினார். பாட்டு ஓட, நாங்களும் ஓடினோம். தெருவிலிருந்த கத்தோலிக்கப் பெண்களும் இந்துப் பெண்களும் குடத்தோடு சேர்ந்துகொண்டார்கள். நான் மானம் போகிறதே என்று குடையைச் சாய்த்து முகத்தை மறைத்துக்கொண்டேன்.

"மக்கா, கொடய நேராப் பிடி. மொகம் தெரியட்டும்."

தண்ணீர் ஆபீஸ் இன்ஜினியர் வாசலுக்கே வந்துவிட்டார். "எந்தா சேட்டா, பெருநாளா?"

"தண்ணி வந்தா பெருநாளு" என்றார் அண்ணாச்சி.

மறுநாள் மாலை குழாய் இருமியது, துப்பியது, பிறகு கொட்டோ கொட்டென்று கொட்டியது. தெருவே நனைந்தது. அனுமதியின்றிச் செண்டை அடித்ததற்காகக் கமிட்டி அவருக்குக் கண்டனக் கடிதம் கொடுத்தது. எழுதியவன் நான். அதைச் சட்டம் போட்டுக் கடையில் மாட்டினார்.

போன வருஷம் முழங்கால் முட்டு ஆபரேஷன் முடிந்து, மார்த்தாண்டத்தில் மகள் வீட்டோடு போய்விட்டார். இந்த வருஷம் கத்தோலிக்கர்களின் பிரதட்சிணத்தில் நானே கேட்டு வாங்கி ஒரு குடை பிடித்தேன். நடந்தபடியே அவருக்குப் போட்டோ அனுப்பினேன். உடனே பதில் வந்தது: "மொகம் தெரியுது. கொட சரிஞ்சிருக்கு."

நிமிர்த்திப் பிடித்தேன். அண்ணாச்சி, மனசு உங்களை ரொம்பத் தேடுகிறது.