நூறு சதவீத நீலம்

இனிமேல் மனைவியிடம் தோற்பதில்லை என்று அஸ்தினாபுரம் சாலமோன் வாத்தியார் முடிவெடுத்தது ஒரு வியாழக்கிழமை காலை, இட்லிக்கும் காபிக்கும் நடுவில். இருபத்திரண்டு வருஷத்தில் இதே முடிவை அவர் பலமுறை எடுத்திருக்கிறார். ஆனால் இந்த முறை அவர் பக்கம் பிசிக்ஸ் இருந்தது.

விவகாரம் ஹாலில் இருந்த கண்ணாடித் தொட்டி. உள்ளே உப்புத் தண்ணீர், ஒரு பாறைத் துண்டு, அதன்மேல் சட்டைப் பொத்தான் அளவில் நாற்பது பவள மொட்டுகள். பம்மலில் வளர்ப்பு மீன் கடை வைத்திருக்கும் மோகன்ராஜிடம் வாங்கியது. கடையின் நீல வெளிச்சத்தில் பச்சையும் ஆரஞ்சுமாகத் தகதகத்த மொட்டுகள், வீட்டின் வெள்ளை வெளிச்சத்தில் காபித்தூள் நிறத்துக்கு வந்துவிட்டன.

"இதுக்கா ஃப்ரிட்ஜைக் கொண்டுபோய் பெட்ரூம்ல வெச்சீங்க?" என்றாள் மனைவி ஹில்டா.

"கலர் வரும். லைட்டோட ஸ்பெக்ட்ரத்தை மாத்தணும்."

"எப்ப வரும்?"

"வரும்."

"அடுத்த மாசம் முதல் சனிக்கிழமை ஜெபக்கூட்டம் நம்ம வீட்டுல. அதுக்குள்ள வரலைன்னா மோகன்ராஜ் அண்ணன்கிட்டயே திருப்பிக் கொடுத்துடணும். சரியா?"

"சரி" என்று சொல்லித் தொலைத்தார். இன்னும் மூன்றே வாரம் என்பது காபி ஆறிய பிறகுதான் உறைத்தது.

அவருக்கு அந்தப் பவளத்தின்மேல் உண்மையாகவே பாசம். மகள் வேலைக்கு பெங்களூர் போன பிறகு, பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அதன் எதிரேதான் நாற்காலி போட்டு உட்காருவார். அன்றைக்கு நடந்ததையெல்லாம் அதனிடம் சொல்வார். அவர் பேசி முடிக்கும்வரை குறுக்கே பேசாத ஜீவன் அந்த வீட்டில் அது ஒன்றுதான்.

மோகன்ராஜ் போனில் விலாவாரியாகச் சொன்னான். "ப்ளூவ மெயினா வெச்சுக்கோ சார். ஒயிட்டு கொஞ்சமா போதும். வாரத்துக்கு அஞ்சு பர்சென்ட்டா ஏத்து. மூணு மாசத்துல கலரு தானா வந்துரும்."

மூன்று மாசத்துக்கு வாத்தியார் எங்கே போவார்? நீலம் நூறு, வெள்ளை நூறு, தினம் பன்னிரண்டு மணி நேரம் என்று ரிமோட்டை அழுத்திவிட்டார். ஒரே வாரத்தில் மொட்டுகள் இழுத்து மூடிக்கொண்டன. காபித்தூள் நிறமும் போய், ஓரமெல்லாம் வெளுக்க ஆரம்பித்தது.

"என்னங்க, பாவம் வெளுத்துப் போகுது. லைட்டைக் குறைங்க."

"அது கலர் மாறுற ஸ்டேஜ். பிசிக்ஸ் உனக்குப் புரியாது, விடு."

சொன்ன வாய் மூடும் முன்பே அவருக்குத் தெரியும், ஹில்டா சொன்னது சரி என்று. அப்போதே குறைத்திருக்கலாம். ஆனால் அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லிவிட்ட பிறகு ரிமோட்டை எடுக்க வெட்கமாக இருந்தது. இன்னும் நாலு நாள் அப்படியே விட்டார். பிற்பாடு அவரை அதிகம் வாட்டியது இந்த நாலு நாள்தான்.

ஐந்தாம் நாள் திருட்டு வழியில் இறங்கினார். வெள்ளையை அடியோடு அணைத்தார். நீலம் மட்டும். நீலத்தில் சாகக் கிடக்கும் பவளமும் மினுங்கும். கூட்டம் முடியும்வரை யாருக்கும் தெரியாது. இருந்தாலும் மனசு கேட்காமல், பள்ளிக்கூடத்திலிருந்து மோகன்ராஜுக்குப் போன் போட்டு உண்மையைச் சொன்னார்.

"இன்னா சார் இது! கோரல் இன்னா தோசையா, அடுப்ப ஏத்துனா சீக்கிரம் வேகறதுக்கு? நாளைக்கு நானே வந்து தண்ணி மாத்தறேன். அதுக்கப்புறம் பத்து நாளைக்கு நீ உள்ள கையே வெக்கக்கூடாது."

மறுநாள் வாத்தியார் வீடு திரும்பியபோது தொட்டியில் அதிசயம். நாற்பது மொட்டும் விரிந்து, பச்சையும் ஆரஞ்சுமாகத் தண்ணீரோட்டத்தில் ஆடிக்கொண்டிருந்தன. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. பத்து நாளும் அதன் எதிரே உட்கார்ந்து, தினம் மன்னிப்புக் கேட்டார்.

சனிக்கிழமை சாயங்காலம் சபையிலிருந்து பன்னிரண்டு சிஸ்டர்கள் வந்தார்கள். நீல வெளிச்சத்தில் அவர்களுடைய வெள்ளைப் புடவைகளும் பளபளத்தன. ஜெபம் முடிந்து சமோசா வந்ததும் வாத்தியார் எழுந்து, நீலம் எப்படிப் பவளத்தின் உயிரைத் தொடுகிறது என்று இருபது நிமிஷம் பாடம் நடத்தினார்.

"பிரதர், வெள்ளை லைட்ல எப்படி இருக்கும்?" என்று கேட்டார் எப்சி சிஸ்டர்.

வாத்தியார் தொட்டியை மறைத்து நின்றார். "அதெல்லாம் கூடாது சிஸ்டர், அதுக்குக் கண் கூசும்..."

ஹில்டா ரிமோட்டை அழுத்தியே விட்டாள்.

வெள்ளை வெளிச்சத்தில் நிறம் இன்னும் தூக்கலாக இருந்தது. கிளிப் பச்சை. கேசரி ஆரஞ்சு. சிஸ்டர்கள் கை தட்டினார்கள். வாத்தியாருக்கே தன் விஞ்ஞானத்தின்மேல் பயம் வந்துவிட்டது. எல்லாம் தேவ கிருபை என்று சொல்லி, பாதிப் புகழை மட்டும் தனக்கு வைத்துக்கொண்டார்.

எல்லோரும் போன பிறகு ஹில்டா தட்டுகளை அடுக்கினாள்.

"பாத்தியா? கலர் வந்துடுச்சு. பந்தயத்துல ஜெயிச்சது யாரு?"

"அது சிலிகான்ங்க."

"எது?"

"இப்பத் தொட்டியில இருக்கறதுதான். தண்ணி மாத்த வந்த அன்னிக்கே அண்ணன் உங்க பவளத்தை எடுத்துட்டுப் போயிட்டார். இன்னும் ரெண்டு நாள் இங்க இருந்தா செத்துடும்னார். சிஸ்டர்ஸ் முன்னாடி உங்க முகம் வாடக்கூடாதேன்னு நான்தான் தாம்பரத்துல இதை வாங்கிட்டு வந்து வெச்சேன்."

பத்து நாள் கேட்ட மன்னிப்பு முழுக்க ஒரு ரப்பர் துண்டுக்குப் போயிருக்கிறது. ஆனால் வாத்தியார் அதைப்பற்றிக் கேட்கவில்லை.

"அது... உயிரோட இருக்கா?"

"இருக்கு. மங்கலான வெளிச்சத்துல வெச்சிருக்காராம். பழைய காபித்தூள் கலர் திரும்பி வருதாம்."

அந்த நிறத்தைப் போய் அழுக்கு என்று நினைத்தோமே என்று தன்னையே நொந்துகொண்டார். "நீ சொன்னப்பவே லைட்டைக் குறைச்சிருக்கணும் ஹில்டா" என்றார். இருபத்திரண்டு வருஷத்தில் இப்படி ஒரு வாக்கியம் அவர் வாயிலிருந்து வந்ததில்லை. "நாளைக்கு சர்ச் முடிஞ்சதும் போய்ப் பார்த்துட்டு வரட்டுமா?"

"தாராளமா போங்க. ஆனா நாலடி தள்ளி நின்னுதான் பார்க்கணுமாம். கடையில வேற யாருக்கும் அந்த ரூல் கிடையாதாம்."