குச்சியை முகர்ந்து பார்ப்பவர்

மனிதர்களில் ஒரு ரகம் உண்டு. காலையில் எழுந்ததும் பெண்டாட்டி முகத்தையும் பார்க்காது, பிள்ளை முகத்தையும் பார்க்காது. நேரே போய்க் காரின் பானெட்டைத் திறந்து, ஆயில் அளவு பார்க்கும் குச்சியை உருவி, வெள்ளைக் கைக்குட்டையில் துடைத்து, கண்ணை மூடி முகர்ந்து பார்க்கும். அந்தக் கார் மூன்று கை மாறிய ஆட்டோமேட்டிக் வண்டியாக இருக்கும். இரண்டரை லட்சம் கிலோமீட்டர் ஓடிக் களைத்திருக்கும். உங்கள் தெருவில் இப்படி ஒருவர் இருப்பார். இல்லவே இல்லை என்கிறீர்களா? சரி, அதைக் கடைசியில் பேசிக்கொள்வோம்.

நாம் பார்க்கப்போகிறவர் ஒரு நூலகர். தெருவில் அவருக்கு மூக்கர் என்று பெயர். வேலை செய்யும் இடத்தில் யாரையும் பேச விடாத பழக்கத்தைக் காருக்குள்ளும் கொண்டுவந்துவிட்டார். வண்டி கிளம்பி மூன்றாவது கியர் விழும்வரை உள்ளே ஒருவரும் வாய் திறக்கக் கூடாது. கியர் எப்படி விழுகிறது என்று அவர் கேட்க வேண்டுமாம். நர்ஸாக வேலை பார்க்கும் அவர் மனைவி இந்த வண்டி வந்த நான்கு வருடத்தில் கியருக்கும் கியருக்கும் நடுவில் பேசி முடிக்கக் கற்றுக்கொண்டார். மாமியார் வருகிற செய்தியையே இரண்டு சிக்னலில் பிரித்துத்தான் சொன்னார்.

இவ்வளவு அக்கறைப்பட்டவர் கியர் ஆயிலை மாற்றியிருப்பார் என்றுதானே நினைக்கிறீர்கள்? மாற்றவே மாட்டார். பழைய வண்டிக்குப் புது ஆயில் ஊற்றினால் கியர் பாக்ஸ் அப்படியே உட்கார்ந்துவிடும், உள்ளே இருக்கிற அழுக்குதான் அதைத் தாங்கிப் பிடிக்கிறது என்பது அவர் கட்சி. யார் சொன்னது என்று கேட்டால், எல்லாருக்கும் தெரிந்ததுதானே என்பார். வண்டிக்கு அடியில் தினமும் ஒரு கறை விழுந்தது. அது மாடி வீட்டுக்காரரின் ஸ்கூட்டர் ஒழுகிய எண்ணெய் என்று தீர்ப்புச் சொல்லி, அந்த அப்பாவியோடு ஆறு மாதமாகப் பேச்சுவார்த்தையை நிறுத்தியிருந்தார்.

அன்றைக்கு மனைவிக்குத் தலைமை நர்ஸ் பதவிக்கான நேர்முகத் தேர்வு, பத்து மணிக்கு. பதினோரு வருடமாகக் காத்திருந்த வாய்ப்பு. பஸ்ஸில் போகிறேன் என்றுதான் அவர் சொன்னார். மூக்கர் விடவில்லை. காலையில்தான் முகர்ந்தேன், பூப்போல இருக்கிறது, ராணி மாதிரி கொண்டுபோய் இறக்குகிறேன் என்று கிளப்பினார்.

மூன்றாவது சிக்னலில் ராணியின் ரதம் நின்றது. இன்ஜின் உறுமுகிறது, சக்கரம் அசையவில்லை. பின்னால் ஹாரன்கள் காதைப் பிளந்தன. மணி ஒன்பது முப்பத்தைந்து. மூக்கர் பதறாமல் இறங்கி, பானெட்டைத் திறந்து, குச்சியை உருவினார். மனைவிக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

எதிரே இருந்த பட்டறையிலிருந்து மெக்கானிக் வந்து, அவர் முகர்ந்து முடிக்கும்வரை மரியாதையாகக் காத்திருந்தார்.

"என்ன சார் பாக்கறீங்க?"

"கியர் ஆயில். வாசனை சுத்தமா இருக்கு. இதுல கோளாறே இல்ல."

"அது இன்ஜின் ஆயில் குச்சி சார். உங்க வண்டியில கியர் ஆயிலுக்குக் குச்சியே கிடையாது. கீழ போய் கியர் பாக்ஸ் திருகைக் கழட்டித்தான் பாக்கணும்."

நான்கு வருடம், தினம் ஒரு தடவை. கணக்குப் போட்டுப் பார்க்க மூக்கருக்குத் தைரியம் வரவில்லை. மெக்கானிக் அடியில் படுத்துத் திருகைக் கழற்றினார். ஒரு சொட்டுகூட வரவில்லை. இருந்ததெல்லாம் அந்தக் கறையாகத்தான் போயிருந்தது.

அந்த நேரம் பார்த்து மாடி வீட்டுக்காரர் ஸ்கூட்டரில் வந்தார். மனைவி கையைக் காட்டி நிறுத்தி ஏறிக்கொண்டார்.

"ஏங்க, நீங்க மெதுவா மோந்து பாத்துட்டு வாங்க. நான் போறேன்."

வழி முழுக்க வாய் ஓயாமல் பேசிக்கொண்டு போனாராம். பத்துக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது போய்ச் சேர்ந்தார். வேலையும் கிடைத்தது.

புது ஆயில் ஊற்றி, ஒழுகலை அடைத்ததும் வண்டி சமர்த்தாக ஓடியது. மூக்கர் திருந்திவிட்டாரா? திருந்தினார். இப்போது தினமும் பாயை விரித்து, வண்டிக்கு அடியில் படுத்து, திருகை முகர்கிறார்.

உங்களுக்கு இந்த வியாதி இல்லை, ரொம்பச் சந்தோஷம். ஆனால் இதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே, நம் வண்டியில் எந்தக் குச்சி எது என்று ஒரு சந்தேகம் வந்ததே, அது எதற்காம்? எழுந்து போகிறதென்றால் கைக்குட்டையை எடுத்துக்கொண்டு போங்கள்.