மடவார் வளாகத்து அபய இல்லம்

மானுட குலம் இதுவரை செய்த தர்மங்களில் தலையாயது எது என்று கேட்டால், ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகம் சிவன் கோயிலுக்குப் பக்கத்தில் எங்கள் 'அபலைக் குடும்ப ரட்சண சபை' கட்டிய அபய இல்லம்தான் என்று அடக்கத்தோடு சொல்வேன். நான் அச்சபையின் காரியதரிசி. அடக்கம் என் உத்தியோகத்தில் சேர்ந்தது.

குடிகாரப் புருஷனிடம் அடிபட்டவர்கள், மழையில் வீடு இடிந்தவர்கள் என்று நிர்க்கதியான எவரும் பிள்ளைகுட்டிகளோடு வந்து தங்கலாம் என்பது சபையின் லட்சியம். 1937-ம் வருஷம் கட்டிடம் முடிந்தது. ஓட்டுக் கூரை, சிமெண்டுத் தரை, பர்மாத் தேக்குக் கதவு. கதவைப் பற்றி மட்டுமே பல கூட்டங்கள் நடந்தன.

ஒரே ஒரு குறை. திறந்து வைக்கவேண்டிய வெள்ளைக்காரக் கலெக்டர் துரை வெயில் தாங்காமல் கொடைக்கானலுக்குப் போயிருந்தார். அவருக்கே அப்போது அபயம் தேவைப்பட்டது.

அந்த நேரம் பார்த்து முத்துப்பேச்சி ராஜபாளையத்திலிருந்து காலை பஸ்ஸில் வந்து இறங்கினாள். இடுப்பில் ஒரு பிள்ளை, முந்தானையைப் பிடித்தபடி ஒரு பிள்ளை. வலது கை முழங்கை வரை வீங்கியிருந்தது.

எங்கள் தலைவர் ஐயாதுரை ஓய்வுபெற்ற போலீஸ் இன்ஸ்பெக்டர். முறைப்படி விசாரித்தார்.

"ஏட்டி, கையில என்ன?"

"வீட்டுக்காரர் அடிச்சிட்டாரு அய்யா. குடிச்சா அவிய மனுசனாவே இருக்க மாட்டாவ. இனி பிள்ளைய மேலயும் கை வைப்பாவ. இங்கன எடம் குடுக்கீயன்னு சொன்னாவ."

"குடுப்போம். தொறப்பு விழா நடக்கட்டும்."

"எப்பம் நடக்கும்?"

"துரை மலையை விட்டு எறங்கணும்லா."

"அம்புட்டு நாளும் அடிக்காம இருங்கன்னு எங்க வீட்டுக்காரர்ட்ட யாரு அய்யா சொல்லுவா?"

விவகாரம் சிக்கலானது. உடனே அவசரக் கூட்டம் கூடினோம். பொருளாளர் எலியேசர் வாத்தியார் எழுந்து, "குடியேறிய வீட்டைத் துரை எப்படித் திறப்பார்?" என்று கேட்டார். ஆகவே விழா முடியும்வரை யாரையும் உள்ளே விடுவதில்லை என்று முடிவாயிற்று. முத்துப்பேச்சிக்கு 'ஆழ்ந்த அனுதாபம்' தெரிவித்து ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. வாசலில் நின்றவளுக்கு அதை நானே ராகத்தோடு வாசித்துக் காட்டினேன்.

பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இதுக்குள்ள படுக்கலாமா அய்யா?" என்றாள்.

கூட்டத்துக்குக் காப்பி போட வந்திருந்த ஜெயபாய் என்ற விதவை, தம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, "ஏட்டி, வா எங்கூட" என்று அவளைத் தன் ஒற்றை அறை வீட்டுக்குக் கூட்டிப் போய்விட்டாள். தீர்மானமும் இல்லை, திறப்பு விழாவும் இல்லை. இப்படி ஒழுங்குமுறையில்லாமல் அடைக்கலம் கொடுப்பதைச் சபை வன்மையாகக் கண்டித்தது.

சில நாளில் புருஷன் பால்ச்சாமி தேடி வந்து ஜெயபாய் வீட்டில் கதவாக இருந்த ஓலைத் தட்டியை உதைத்து ஓட்டையாக்கினான். ஜெயபாய் கொதிக்கும் வடிகஞ்சியை அவன் காலில் ஊற்றினாள். மறுபடியும் வருவதாகச் சொல்லிவிட்டுப் போனான்.

துரை மலையிறங்கினார். அபயம் பெற்ற குடும்பம் ஒன்றைப் பார்க்க ஆசைப்படுவதாகச் சொல்லி அனுப்பினார். எங்களிடம் கட்டிடம் இருந்தது, குடும்பம் இல்லை. ஜெயபாய் வீட்டுக்கு ஓடினேன்.

"முத்துப்பேச்சி, நாளைக்குச் செத்த நேரம் இல்லத்துல வந்து உக்காரணும். பிள்ளைகளுக்கு மிட்டாய் உண்டு."

"பொறவு?"

"பொறவு இங்கனயே வந்துரலாம்."

அவள் ஓட்டை விழுந்த தட்டியைப் பார்த்தாள்.

"அந்தப் பெரிய கதவு உள்ளாற இருந்து பூட்டுமா அய்யா?"

"பூட்டும். பர்மாத் தேக்கு. யானை முட்டினாலும் அசையாது."

"அப்பம் வாரேன்."

விழா சிறப்பாக நடந்தது. துரை சாவியை முத்துப்பேச்சியிடம் கொடுத்து, அவள் இங்கே சுகமாக இருப்பாள் என்று நம்புவதாக இங்கிலீஷில் ஒரே வரி பேசினார். ஒரு வரி அவர் பதவிக்குப் போதாது. ஆகவே, "அம்மணி, இன்று முதல் இவ்வில்லம் உனதே. உன்னை இங்கிருந்து அசைக்க யாராலும் ஆகாது" என்று தமிழில் முழங்கினேன். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று.

துரையின் கார் போனது. தோரணத்தை அவிழ்த்துக்கொண்டிருந்தபோது, உள்ளே பூட்டு திரும்பும் சத்தம் கேட்டது.

தலைவர் கதவைத் தட்டினார். "ஏட்டி, விழா முடிஞ்சு போச்சு."

"விழாதான அய்யா முடிஞ்சது. வீடு இருக்குல்லா."

"சாவியக் குடு."

"துரை குடுத்தது. அவிய வந்து கேக்கட்டும்."

அபய இல்லத்தில் அபலை தங்கிவிட்டாள் என்று துரையிடம் எப்படிப் புகார் சொல்வது? அடுத்த வாரம் ஜெயபாயும் உள்ளே போய்விட்டாள். மழையில் வீடிழந்த குடும்பம் ஒன்று அவள் பின்னாலேயே போனது. பால்ச்சாமியும் வந்தான். தேக்குக் கதவை உதைத்துக் கால் பெருவிரலைப் பெயர்த்துக்கொண்டு எங்களிடம் நொண்டி வந்தான். அவன் துயரத்தைச் சபை நன்றாகப் புரிந்துகொண்டது. அன்று முதல் அவனும் நாங்களும் சேர்ந்தே தட்டுகிறோம்.

போன வாரம் வக்கீலிடம் போனேன்.

"கட்டிடத்தை யார்ட்ட இருந்து மீட்கணும்?" என்றார்.

"அபலைகளிடமிருந்து."

"யாருக்காக?"

"அபலைகளுக்காக."

பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "உங்க தரப்புச் சாட்சி?" என்று கேட்டார்.

"முத்துப்பேச்சியின் புருஷன்" என்றேன். "சபையில் இப்போது அவரும் ஓர் அங்கத்தினர்."