சட்டையைக் கழற்றிய கிருமியும் எங்கள் பிளேக்-தியும்

கல்கத்தாவில் யாருக்கும் எதற்கும் பயப்படாத ஜீவன் ஒன்றே ஒன்றுதான். புலி என்று நினைத்துவிடாதீர்கள். அது சுந்தரவனத்தோடு நின்றுவிடும். நான் சொல்வது எங்கள் ஆபீஸ் பிளேக்-தியை. பிளேக் கிருமியே எதிரில் வந்தாலும், 'இன்றைக்கு இந்தம்மாவுக்கு மூடு சரியில்லை போலிருக்கிறது' என்று சுவரோரமாக ஒதுங்கி வழி விட்டுவிடும் என்பது என் தீர்மானமான அபிப்பிராயம்.

வங்காளத்தில் மூத்த பெண்களைப் பெயருக்குப் பின்னால் 'தி' போட்டு அழைப்பார்கள். நம் ஊர் அக்கா மாதிரி. இவருக்கும் அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆனால் பிளேக்குக்கும் ஆந்த்ராக்ஸுக்கும் தடுப்பூசி கண்டுபிடிப்பது அவர் உத்தியோகம் என்பதால், கேட் காவலாளியிலிருந்து டைரக்டர் வரை எல்லோருக்கும் அவர் பிளேக்-தி. ஆந்த்ராக்ஸ்-தி என்று கூப்பிட்டால் நாக்கு சுளுக்கிக்கொள்ளும் என்று விட்டுவிட்டார்கள்.

அலிப்பூர்ப் பக்கம் ஓர் ஆராய்ச்சி நிலையம். பெயர் வேண்டாம், எனக்கு இன்னும் மாதாமாதம் பென்ஷன் வருகிறது. நான் அங்கே நிர்வாக அதிகாரியாக மாற்றலாகிப் போனேன். கும்பகோணத்துக்காரன், வாய்த்துடுக்கு கொஞ்சம் உண்டு. முதல் நாள் அறிமுகத்தில், "பிளேக்தான் எப்பவோ ஒழிஞ்சு போச்சே மேடம், அதுக்கு இப்ப எதுக்கு ஊசி?" என்று கேட்டுத் தொலைத்தேன்.

கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"ஒழிஞ்சு போச்சுன்னு யாருவே ஒம்மகிட்ட சொன்னது? கிருமி நேர்ல வந்து ராஜினாமாக் கடுதாசி குடுத்துட்டுப் போச்சா?"

பாளையங்கோட்டை என்று அந்த 'வே'யிலேயே தெரிந்துவிட்டது. அந்த ஊரிலும் ஆண்கள்தான் ஒருவரையொருவர் 'வே' போட்டுப் பேசுவார்கள். இவர் அதையும் கேட்டு வாங்காமல் எடுத்துக்கொண்டிருந்தார். வங்க மொழியில் சண்டை போட்டாலும் ராகம் என்னவோ பாளையங்கோட்டைதான்.

பஸ்ஸில் அவருக்கு உட்கார இடம் கிடைக்காத நாளே கிடையாது. நிற்க இடமில்லாத கூட்டத்தில் ஏறுவார். போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு, "ஆமா, இப்பத்தான் ஆந்த்ராக்ஸ் வேலையை முடிச்சுட்டு வாரேன்" என்று வங்க மொழியில் உரக்கச் சொல்வார். மறுமுனையில் யாரும் இருக்க மாட்டார்கள். ஒரு சீட் அல்ல, ஒரு வரிசையே காலியாகும்.

"பாவம் இல்லையா அக்கா?" என்றேன் ஒரு நாள், காலியான சீட்டில் நானும் சௌகரியமாக உட்கார்ந்துகொண்டு.

"என்ன பாவம்? அந்த லேபுல இருந்து தலையோட குளிக்காம வெளிய விடமாட்டான். இந்த பஸ்ஸுலயே சுத்தமான ஆளு நான்தான்வே. என்னைக் கண்டு பயந்து ஓடுதவன், கழுவாத கையால சிங்காடா சமோசா திங்கான். அவனுக்கு என்ன மரியாதை?"

குவார்ட்டர்ஸில் இதே பயம் வேறு ரூபத்தில் வந்தது. துர்கா பூஜை சமயத்தில், அவர் துணியோடு துணியாக பிளேக் வந்துவிடும், அதனால் பந்தலுக்கு வர வேண்டாம் என்று கமிட்டிக்காரர்கள் நயமாகச் சொல்லிப் பார்த்தார்கள். அஷ்டமி மத்தியானம், போக் என்கிற பிரசாதம் வாங்கும் வரிசையில் முதல் ஆளாக நின்றார் பிளேக்-தி. பின்னால் நின்றவர்கள் பத்தடி தள்ளி நின்றார்கள். கிச்சுடியை இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, கமிட்டிக் காரியதரிசியிடம், "அம்பாளுக்கே என்கிட்ட பயம் இல்ல. ஒமக்கு என்ன?" என்று கேட்டுவிட்டுப் போனார். அந்த மனிதர் விஜயதசமி வரை வெளியே வரவில்லை.

அவர் உடையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தடுப்பூசி மருந்துகள் இருக்கும் குளிர் அறைக்கும் மற்ற கட்டடங்களுக்கும் நாள் முழுக்க நடப்பவர் என்பதால், பன்னிரண்டு மாதமும் ஒரே கோலம்தான்: பேண்ட், தொளதொள வெள்ளைக் கோட்டு, மேலே அரக்கு நிற ஸ்வெட்டர், தலையில் மங்கி கேப். கல்கத்தாக்காரன் கார்த்திகை பிறந்ததுமே மங்கி கேப்புக்குள் புகுந்துகொள்பவன்தான். ஆனால் சித்திரை வெயிலில் அதைப் போட்டவர் இவர் ஒருவரே. கேட் காவலாளி நிமாய்-தா ('தா' என்றால் அண்ணன்) தூரத்தில் ஸ்வெட்டரைப் பார்த்ததுமே எழுந்து சல்யூட் வைத்துவிடுவார்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். பல வருஷம் பாடுபட்டு அவர் செய்த பிளேக் தடுப்பூசி ஜெயித்துவிட்டது. ஊசி போட்ட எலிகளுக்குக் கிருமியைக் கொடுத்தார்கள். எலிகள் ஒன்றுமே நடக்காதது போல் உலாவின. நிலையம் முழுக்கச் சந்தேஷ் மிட்டாய் விநியோகம். டைரக்டருக்குக் கால் தரையில் பாவவில்லை. டெல்லியிலிருந்து கமிட்டி வரவழைத்து, அடுத்தபடியாக மனிதர்களுக்குப் போட்டுப் பார்க்க அனுமதி வாங்கிவிட வேண்டும் என்று நாள் குறித்துவிட்டார். அறிக்கையில் பிளேக்-தியின் கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

"போட மாட்டேன்" என்றார் பிளேக்-தி.

நான் பேனாவை நீட்டினேன். "உங்க ஊசி அக்கா! நீங்களே மாட்டேன்னா எப்படி?"

"என் ஊசிங்கிறதாலதான்வே சொல்லுதேன். கேளும். பிளேக் கிருமி ஒரு சட்டை போட்டுருக்கும். நம்ம ஊசி அந்தச் சட்டையை ஒடம்புக்குக் காட்டிக் குடுக்குது. இந்தச் சட்டைக்காரன் வந்தா அடின்னு. ஒடம்பும் போட்டு அடிக்குது. ஆனா சட்டையைக் கழட்டிப் போட்டுட்டு வாற கிருமியும் உண்டு. அபூர்வம்தான். ஆனா அதுவும் ஆளைக் கொல்லும். அது வந்தா ஒடம்பு என்ன செய்யும்? வாங்க, உக்காருங்கன்னு பாயை விரிச்சுப் போடும். அந்தக் கிருமியை வச்சும் எலிக்குச் சோதிச்சுப் பாக்காம மனுசன் கையில குத்த விடமாட்டேன்."

டைரக்டர் கெஞ்சினார். அபூர்வமான கிருமிதானே, அறிக்கையின் கடைசியில் ஒரு வரி எழுதிவிடலாம் என்றார். பிறகு மிரட்டினார். கமிட்டி வெறுங்கையோடு திரும்பினால் இந்த லேபையே மூடிவிடுவார்கள், உன்னோடு வேலை செய்பவர்களைப் பிரித்து ஆளுக்கொரு பக்கம் அனுப்பிவிடுவார்கள், இத்தனை வருஷ உழைப்பும் போய்விடும் என்றார். அவர் சொன்னதில் பொய் இல்லை. அது பிளேக்-திக்கும் தெரியும். இருந்தாலும் பேனாவைத் தொடவில்லை.

கமிட்டி வரும் நாள் காலை. என்னைக் கையோடு இழுத்துக்கொண்டு போய், ஸ்வெட்டரையும் கோட்டையும் மங்கி கேப்பையும் நீட்டினார்.

"போடும்."

"நானா? அக்கா, எனக்கு மீசை இருக்கு!"

"குல்லா மறைச்சிரும். ஒமக்கும் எனக்கும் ஒரே ஒசரம், ஒரே தொப்பை. இந்தா, கண்ணாடியையும் மாட்டும்."

மாட்டினேன். அந்தக் கண்ணாடி வழியாக உலகம் தண்ணீருக்கடியில் போய்விட்டது. சித்திரை வெயிலில், ஸ்வெட்டருக்குள் புழுங்கிக்கொண்டு, குத்துமதிப்பாக கேட்டை நோக்கி நடந்தேன். டைரக்டரும் டெல்லிக்காரர்களும் போர்ட்டிகோவில் நின்றுகொண்டிருந்ததுகூட எனக்குத் தெரியவில்லை. ஏதோ பூந்தொட்டிகள் என்று நினைத்தேன். நிமாய்-தா விறைப்பாக எழுந்து, "குட் மார்னிங், தீதி!" என்று சல்யூட் அடித்தார். பதிலுக்கு நான் ஒரு தூணுக்கு சல்யூட் வைத்துவிட்டு உள்ளே போய்ப் படியில் இடறி விழுந்தேன்.

இரண்டு நிமிஷம் கழித்து அசல் பிளேக்-தி வந்தார். பட்டுப்புடவை, லேக் மார்க்கெட்டில் வாங்கிய மல்லிகைப்பூ, நெற்றியில் குங்குமம். நிமாய்-தா குறுக்கே கையை நீட்டிவிட்டார்.

"கார் காச்சே ஜாபேன்?" யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்கிறார்!

"பிளேக்-தியை" என்றார் பிளேக்-தி.

"அவங்க இப்பத்தான் உள்ளே போனாங்க. நீங்க இங்கேயே நில்லுங்க."

பிளேக்-தி டெல்லிக்காரர்கள் பக்கம் திரும்பினார். நான் அதற்குள் குல்லாவைக் கழற்றி, மீசையும் வேர்வையுமாகப் படியில் உட்கார்ந்திருந்தேன். என்னைக் காட்டினார்.

"பாத்தீங்களா? ஸ்வெட்டரைப் பாத்து ஆளை உள்ளே விட்டார். ஸ்வெட்டர் இல்லேன்னதும் என்னையே தெரியலை. என் ஊசியும் சட்டையை மட்டும்தான் பாக்கும். இதை நம்பி ஊராரை நிறுத்தச் சொல்றீங்களா?"

சிரிப்பை ஆரம்பித்து வைத்தவர் கமிட்டியிலேயே மூத்தவர். தொந்தி குலுங்க அவர் சிரித்த சிரிப்பில் மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். டைரக்டர் மட்டும் சிரிக்கவில்லை. அன்றைக்கே சட்டையில்லாக் கிருமியை வைத்துச் சோதிக்க உத்தரவாகியது. பிளேக்-திக்கும் எனக்கும் விளக்கம் கேட்டு மெமோவும் வந்தது. நிமாய்-தாவை வேலையை விட்டு நீக்கப் பேச்செழுந்தபோது, "அவரை அனுப்பினா நானும் அதே கேட் வழியாப் போயிருவேன்" என்று பிளேக்-தி, டைரக்டரின் அறைக்கதவைத் திறந்துவைத்துக்கொண்டு, காரிடார் முழுக்கக் கேட்கும்படி சொன்னார். நிமாய்-தா நிலைத்தார்.

சோதனை முடிந்த நாள் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. ஈரத்தலையோடு வந்து என் அறையில் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். நான் லேபு சா வரவழைத்தேன். எலுமிச்சையும் கறுப்பு உப்பும் போட்ட அந்த டீ என்றால் உயிரை விடுவார். அன்று தொடவில்லை.

"செத்துப் போச்சுவே. ஊசி போட்டது, போடாதது எல்லாம் ஒண்ணு போல செத்துப் போச்சு."

அப்புறம் அழுதார். பிளேக்-தி அழுது நான் பார்த்தது அது ஒருமுறைதான். டீயை அவர் பக்கம் நகர்த்தினேன். அந்த நேரம் பார்த்து டைரக்டர் உள்ளே வந்தார். "இப்போது சந்தோஷம்தானே? உன் ஊசியை நீயே கொன்றுவிட்டாய்" என்றார்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றார் பிளேக்-தி.

"வயிறு எரியுது சார். ஆனா ஒண்ணு. என் கையால செத்தா அது வெறும் ஊசி. ஊரான் கையில குத்தின பிறகு தெரிஞ்சிருந்தா, சாகறது ஊசியா இருக்காது. இனி சட்டையைப் பாத்து ஊசி செய்ய மாட்டேன். கிருமியால கழட்டிப் போடவே முடியாத உறுப்பு ஒண்ணு இருக்கு. அதைப் பிடிக்கிறேன். லேபை மூடுங்க. எனக்கு ஒரு மேசை போதும்."

மூடத்தான் செய்தார்கள். கூட இருந்தவர்கள் ஒவ்வொருவராகப் பிரிந்து போனார்கள். ஜெனரேட்டர் ஷெட்டுக்குப் பக்கத்தில், பேசினால் காது கேட்காத ஓர் அறையைக் கொடுத்தார்கள். அங்கே போய் முதலிலிருந்து ஆரம்பித்தார். "இங்க சத்தமா இருக்கு, நல்லதாப் போச்சு. டைரக்டரைத் திட்டினா வெளிய கேக்காது" என்றார்.

நான் ஓய்வு பெற்று இங்கே கும்பகோணத்துக்கே வந்துவிட்டேன். விஞ்ஞானிகளுக்கு ஓய்வு வயது தள்ளி என்பதால் அவர் இன்னும் அங்கேதான் இருக்கிறார். போன வாரம் போன் செய்தார். புது ஊசி எலிகளில் பிரமாதமாக வேலை செய்கிறதாம். சட்டை போட்ட கிருமி, போடாத கிருமி, இரண்டையும் அடிக்கிறதாம்.

"அப்புறம் என்ன அக்கா? கையெழுத்தைப் போட வேண்டியதுதானே!"

"சும்மா கிடயும்வே. எனக்கு இன்னும் நம்பிக்கை வரல. நாலு விதமா மடக்கிப் பாக்கணும்."

"எப்ப நம்பிக்கை வருதோ அப்ப எனக்கு ஒரு போன் பண்ணுங்க. முதல் ஊசி எனக்குத்தான்."

"கோட்டிக்காரா! கும்மோணத்துல ஒமக்கு எங்கவே பிளேக்கு வரப் போவுது?" என்று திட்டிவிட்டு வைத்துவிட்டார்.

பிளேக் வராது என்று எனக்கும் தெரியும். ஆனாலும் அவர் நம்புகிறேன் என்று சொல்லும் நாளில், சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு ரயிலேறிவிடுவேன்.